பக்கத்துத் தோட்டத்து மருந்து, நம் வீட்டுக் கீரை

கேள்வி: வீட்டுக்குக் கிழக்கே கத்தரித் தோட்டம். அங்கே மருந்தடித்தால் சாரல் எங்கள் கீரைப்பாத்தியில் விழுகிறது. கழுவிச் சமைக்கலாமா? - வாசகி, பூந்தமல்லி

பதில்: வேண்டாம், சகோதரி. சில மருந்துகள் இலைக்குள் ஊடுருவிவிடும், கழுவினாலும் போகாது. மருந்து பட்ட கீரையை மாட்டுக்கும் போடாமல் பிடுங்கிவிடுங்கள். மறுபடி விதைத்தால் சிறுகீரை 25 நாளில் வந்துவிடும்.

கோடைப் பிற்பகலில் கடல்காற்று கிழக்கிலிருந்து உங்கள் பக்கம்தான் வீசும். அதனால் காற்று அடங்கிய அதிகாலையில் அடிக்கவும், முதல்நாளே சொல்லிவிடவும் தோட்டக்காரரைக் கேளுங்கள். அன்று ஜன்னல், கிணறு, தொட்டியை மூடிவிடுங்கள். வேலியோரம் சவுக்கை நெருக்கி நடுங்கள்.

மருந்தின் பெயரையும் கேளுங்கள். மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிக்கு அடிக்க 2005 முதலே தடை. அடித்தால் வட்டார வேளாண்மை அலுவலகத்தில் புகார் கொடுங்கள். தயங்காதீர்கள், அந்த மருந்தை முதலில் சுவாசிப்பவர் அடிப்பவர்தான். அவரையும் சேர்த்தே காப்பாற்றுகிறீர்கள்.