மலைத் தண்ணீரும் கரை வெயிலும்



இம்முறை நமது பாடம் கரண்ட் பற்றியது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அணைகளில் நீர் குறைவு, எண்ணெய் வாங்க டொலர் இல்லை. இரண்டும் சேர்ந்து வந்ததால்தான் அந்த இருட்டு.

கரண்ட் எங்கிருந்து வருகிறது?

நமது மலைத் தண்ணீரிலிருந்து ஒரு பங்கு வருகிறது. லக்சபான மின் நிலையம் 1950இலும், காசல்ரீ நீரில் ஓடும் விமலசுரேந்திர மின் நிலையம் 1965இலும் தொடங்கின. அது நாட்டுக்குப் போதாது. ஆகவே நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலக்கரி நிலையம் 2011 முதல் 2014 வரை கட்டம் கட்டமாக இயங்கத் தொடங்கியது. நிலக்கரியும் எண்ணெயும் கப்பலில் வர வேண்டும். எரித்தால் வரும் கரியமில வாயு பூமியைச் சூடாக்கும். மழை காலம் தவறும். மழை தவறினால் கொழுந்து குறையும், கொழுந்து குறைந்தால் நம் கைக்காசும் குறையும்.

வெயில் என்ன செய்யும்?

கல்முனைக்கு வடக்கே, மருதமுனையை அடுத்து, கடலோரத்தில் இருக்கிறது பெரியநீலாவணை. அங்கே ஒரு வீட்டுக் கூரையில் சோலர் தகடு பூட்டியிருப்பதாக வைத்துக்கொள்வோம். வெளிச்சம் பட்டதும் தகட்டில் நேரோட்ட மின்சாரம் உண்டாகும். 'இன்வேட்டர்' என்ற பெட்டி அதை வீட்டுக்கு ஏற்ற மின்சாரமாக மாற்றும். மிஞ்சியது மீட்டர் வழியாகப் பொதுக் கம்பிக்குப் போகும்.

"அங்க வெயில் அடிச்சா நமக்கென்ன?" என்று கேட்கலாம். நாடு முழுவதற்கும் கம்பி ஒன்றுதான். பகலில் கரை வெயில் வேலை செய்தால், அணையின் தண்ணீரை ஓரளவு மிச்சம் பிடித்து இரவில் திறக்கலாம். பெப்ரவரி, மார்ச்சில் நமது அணைகள் வற்றும்போது கரையில் நல்ல வெயில் அடிக்கும். அந்த அளவுக்கு நிலக்கரியும் எண்ணெயும் குறைவாக எரியும்.

ஒரு சிக்கல்

நடுப்பகலில் கரண்ட் மிஞ்சும், இரவில் பற்றாது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உப மின் நிலையப் பழுதால் நாடே இருண்டது. அன்று பாவனை குறைவு, சோலர் மின்சாரம் அதிகம். அதனால் மின்கட்டமைப்பு அதிர்ச்சியைத் தாங்கவில்லை என மின்சார சபை விளக்கியது. இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, பகல் கரண்டைச் சேமிக்கும் பெரிய பெற்றரிகள். மற்றது, மிஞ்சும் கரண்டால் தண்ணீரை மேல் குளத்துக்கு ஏற்றி இரவில் கீழே விடுவது.

நாம் செய்யக்கூடியது

லயக் கூரை நமக்குச் சொந்தமில்லை. ஆனால் தொழிற்சாலை, பிள்ளைக்காம்பரா, பாடசாலை ஆகியவற்றின் கூரைகள் இருக்கின்றன. தோட்டக் கூட்டத்தில் இதைக் கேட்கலாம். மாலை 6.30 முதல் 10.30 வரைதான் நாட்டில் கரண்ட் அதிகம் தேவைப்படும் நேரம். உடுப்பு அயன் பண்ணுவதை ஞாயிறு பகலில் வைத்துக்கொள்வோம். பழைய குண்டு பல்புக்குப் பதிலாக எல்.ஈ.டி. பல்பு போடுவோம்.

வீட்டில் பிள்ளைகளிடம் கேளுங்கள்

1. பகல் வெயில் அணை நீரை எப்படி மிச்சப்படுத்தும்?
2. நிலக்கரி எரிப்பதற்கும் நமது கொழுந்துக்கும் என்ன தொடர்பு?
3. நமது தோட்டத்தில் நல்ல வெயில் படும் பொதுக் கூரை எது?