செவிவழிக் கிரேக்க மெய்யியல்

கேள்வி என்னும் தமிழ்ச் சொல் இருபொருள் தருவது. கேட்டல் ஒரு பொருள். வினாவுதல் மற்றொரு பொருள். திருக்குறளில் கல்வி, கல்லாமை ஆகிய அதிகாரங்களை அடுத்து 42ஆம் அதிகாரமாகக் கேள்வி அமைந்துள்ளது. அங்குக் கருதப்படுவது முதற்பொருள். கற்றறிந்தார் சொல்லக் கேட்டு அறிதல். நாளடைவில் பேச்சு வழக்கில் இரண்டாம் பொருளே மேலோங்கிவிட்டது. வினாத்தாளில் வருவது மட்டுமே கேள்வி என்று இன்றைய மாணவர் எண்ணுவதில் வியப்பில்லை.

இக்கட்டுரை பிறந்ததும் ஒரு கேள்வியால்தான். தமிழ்வழியில் பயின்று வந்த மாணவர் ஒருவர், "ஐயா, பிளேட்டோவை ஆங்கில நூலில் படித்தால் ஒன்றும் விளங்கவில்லை. ஒலிப்பதிவாகக் கேட்டால் ஓரளவு பிடிபடுகிறது. இது முறையான படிப்பு ஆகுமா?" என்றார். அருகிலிருந்த பெரியவர் ஒருவர், "காதிலே இயர்போனை மாட்டிக்கொள்வதெல்லாம் படிப்பா தம்பி?" என்று சிரித்தார். அவருக்கு வேறோர் ஐயமும் இருந்தது. யூனானியருடைய தத்துவம் நமக்கு எதற்கு என்பதே அது. இரண்டுமே எளிதாகத் தள்ளிவிடத்தக்க ஐயங்கள் அல்ல.

கேட்கப் பிறந்த மெய்யியல்

சாக்ரடீஸ் நூல் எதுவும் எழுதி வைத்துச் செல்லவில்லை. ஏதென்சின் கடைத்தெருவில் பேசினார், கேட்டவர்கள் எழுதினர். பித்தாகரசின் மாணாக்கருள் ஒரு பிரிவினர்க்குக் 'கேட்போர்' என்றே பெயர். புதிய மாணாக்கர் ஐந்தாண்டுகள் வாய் திறவாமல், திரைக்கு அப்பாலிருந்து வரும் ஆசிரியரின் குரலை மட்டும் கேட்க வேண்டும் என்று விதி இருந்ததாகப் பிற்காலத்தார் எழுதுவர். அரிஸ்டாட்டிலின் நூல்களாக இன்று கிடைப்பவற்றுள் பெரும்பாலானவை வகுப்புரைக் குறிப்புகளே என்பது அறிஞர் கருத்து. இயற்கையைப் பற்றிய அவருடைய நூலுக்குக் கிரேக்கத்தில் 'ஃபுஸிகே அக்ரொஆஸிஸ்' என்று பெயர். இயற்கை பற்றிய கேள்வி என்பது அதன் நேர்ப்பொருள். ஆங்கிலத்தார் 'ஃபிசிக்ஸ்' என்று சுருக்கியபோது கேள்வி கழன்று விழுந்தது. அரபியர் அதனைக் கழற்றவில்லை. ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கின் மகன் இஸ்ஹாக் மொழிபெயர்த்த அந்நூல் அரபியில் 'அஸ்ஸமாஉத் தபீஈ' என்றே வழங்கிற்று. ஸமாஉ என்பதற்குக் கேட்டல் என்று பொருள்.

மார்க்கக் கல்வி பயின்றோர் இச்சொல்லை நன்கறிவர். ஹதீஸ் கலையில் ஆசிரியர் ஓதக் கேட்டுப் பெறுதலே ஸமாஉ எனப்படும். இன்னார் முன்னிலையில், இன்ன ஊரில், இன்ன நாளில், இன்னின்னார் இந்நூலைக் கேட்டனர் என்று ஏட்டின் இறுதியில் பதிந்து வைத்தனர் முன்னோர். நம் கல்லூரி வருகைப் பதிவேடுகள் அவற்றிடம் பாடம் கேட்கலாம்! கேட்டல் சோம்பேறிகளின் குறுக்குவழி என்று அவர்களுள் எவரும் எண்ணியதில்லை.

இனிப் பெரியவரின் இரண்டாம் ஐயம். யவனர், யூனானியர் ஆகிய இரண்டும் ஒரே பெயரின் இரு வடிவங்கள். அயோனியா என்னும் கிரேக்கக் கடற்கரை நாட்டின் பெயர் வடமொழியிலும் தமிழிலும் யவனம் ஆயிற்று. அரபியில் யூனான் ஆயிற்று. யூனானி மருத்துவத்தில் ஹகீம்கள் போற்றும் புக்ராத், ஜாலினூஸ் ஆகியோர் ஹிப்பொக்ரட்டீசும் கேலனுமே ஆவர். மருந்தை ஏற்றுக்கொண்ட வீட்டில் சிந்தனைக்கு மட்டும் அந்நியப் பட்டம் சூட்டுவது பொருந்துமா? இமாம் கஸ்ஸாலி மெய்யியலாரை மறுத்தவர் என்பது உண்மையே. மறுத்த அவரே அவர்தம் கொள்கைகளை விளக்கி 'மகாஸிதுல் ஃபலாஸிஃபா' என்னும் தனிநூலும் எழுதினார் என்பதையும் உடன்வைத்து நோக்க வேண்டும்.

பாலாறும் யவனரும்

நம் வட்டாரத்திற்கு இதில் பங்குண்டா என்று மாணவர் கேட்கலாம். மாமல்லபுரத்திற்குத் தெற்கே, பாலாறு கடலோடு கலக்குமிடத்திற்கு அருகில் வசவசமுத்திரம் என்னும் சிற்றூர் உள்ளது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் அகழாய்வில் அங்கு உரோமானிய வணிகத்தோடு தொடர்புடைய இருகைப்பிடிச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. அவ்வாய்வை நூலாக வெளியிட்டவர்கள் இரா. நாகசாமியும் அப்துல் மஜீதும். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பெற்ற 'பெரிப்ளுஸ்' என்னும் கடற்பயண நூல் கூறும் சோபட்மா, சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினமே என்றும், அது இன்றைய மரக்காணம் என்றும் ஆய்வாளர் கருதுவர். ஆகவே கிரேக்கம் பேசிய கடலோடிகளுக்கு இக்கரை தெரிந்திருந்தது. சாடி வந்ததைக் கொண்டு பிளேட்டோவும் கூடவே வந்தார் என்று மேடையில் முழங்குவோர் உளர்; அதற்குச் சான்றில்லை. சில சொற்கள் வந்தன. மறைவழியைக் குறிக்கும் சுருங்கை, கிரேக்கச் 'சுரிங்க்ஸ்' என்பதிலிருந்தும், குதிரைச் சவுக்கைக் குறிக்கும் மத்திகை, 'மஸ்திக்ஸ்' என்பதிலிருந்தும் வந்தவை என்பர். அவற்றை அகராதி பார்த்தா கடன் வாங்கியிருப்பர்? காதால் கேட்டு வாங்கினர்.

அந்தப் பாலாற்றை ஒட்டி மேலே சென்றால் காஞ்சி. மெய்யியலைச் செவியால் பயின்ற தமிழ்க் காப்பியத் தலைவி வந்து சேர்ந்த ஊர் அது. மணிமேகலை முதலில் வஞ்சியில் சமயவாதிகள் ஒவ்வொருவரையும் அணுகி அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். 27ஆம் காதையின் பெயரே 'சமயக் கணக்கர்தம் திறம் கேட்ட காதை' என்பதாகும். பின்பு காஞ்சியில் அறவண அடிகளிடம் அளவை நூலைக் கேட்கிறாள். பக்கம், ஏது, எடுத்துக்காட்டு, அவற்றின் போலிகள் என விரியும் அத்துணைக் கடினமான பாடமும் கேள்வியாகவே நடைபெறுகிறது. அரிஸ்டாட்டிலின் அனுமான முறையைக் கற்கப் புகுவோர் 29ஆம் காதையை முதலில் படித்துவிட்டு வருவது நலம்.

குறிலும் நெடிலும்

கிரேக்க மூலத்தையே ஒலிப்பதிவில் கேட்க விழைவோர்க்குத் தமிழ்ச்செவி ஒரு பேறு. கிரேக்கத்தில் எகரத்திற்கும் ஏகாரத்திற்கும், ஒகரத்திற்கும் ஓகாரத்திற்கும் தனித்தனி எழுத்துகள் உண்டு. எகரம் எப்ஸிலொன், ஏகாரம் ஏதா. ஒகரம் ஒமிக்ரொன், ஓகாரம் ஓமெகா. செவ்வியல் வடமொழியில் குறில் எகர ஒகரங்கள் இல்லை. செவ்வியல் அரபியில் குறிலுமில்லை, நெடிலுமில்லை. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்னும் நம் கணக்கே அங்கும் செல்லும். 'லோகோஸ்' என்று நாம் நீட்டி எழுதும் சொல் உண்மையில் இரு குறில்களையுடைய 'லொகொஸ்'.

பெயர்களைப் பாருங்கள். கிரேக்கர் வாயில் ஸோக்ரதேஸ், ப்லதோன். சாக்ரடீஸ், பிளேட்டோ என்பன ஆங்கில வாயில்வழி நமக்கு வந்தவை. அரபியிலோ ஸுக்ராத், அஃப்லாத்தூன். அரபியில் பகர ஒலி இல்லை, ஓகாரம் இல்லை, சொல்லின் முதலில் இரண்டு மெய்கள் சேர்ந்து நில்லா. எனவே ப்லதோன் அஃப்லாத்தூன் ஆனார். கேட்ட செவியின் இலக்கணம் பெயரிலேயே படிந்துவிட்டது.

ஓர் எச்சரிக்கை. இற்றைக் கிரேக்கர் தம் மொழி வழக்கில் படிக்கும் பதிவுகளில் இந்த மாத்திரை வேறுபாடு இராது. ஏதா இகரமாக ஒலிக்கும். பழைய ஒலிப்பை மீட்டுப் படிக்கும் பதிவுகள் வேறு. சிட்னி ஆலன் 1968இல் வெளியிட்ட 'வோக்ஸ் கிரைக்கா' என்னும் நூல் அம்மீட்புக்கான சான்றுகளை விளக்குவது. இரண்டையும் கலந்து கேட்டுக் குழம்புதல் வேண்டா.

நிறுத்த வேண்டிய இடம்

மொழிபெயர்ப்பில் கேட்பதற்குத் தட்டில்லை. 2005இல் தொடங்கப்பெற்ற லிப்ரிவாக்ஸ் என்னும் தன்னார்வ அமைப்பினர், பெஞ்சமின் ஜோவெட் ஆங்கிலப்படுத்திய பிளேட்டோவின் உரையாடல்களைப் படித்துப் பதிந்து இலவசமாக வழங்குகின்றனர். பேராசிரியர் பீட்டர் ஆடம்சன் 2010 முதல் தொடர்ந்து வழங்கிவரும் மெய்யியல் வரலாற்று உரைகள், தேலீசில் தொடங்கி, ஃபாராபி, இப்னு ஸீனா, இப்னு ருஷ்து ஆகியோரையும் விரிவாகக் கூறுவன. ஓர் உரை ஏறக்குறைய இருபது நிமிடம். மாமல்லபுரத்தில் பேருந்து ஏறினால் செங்கல்பட்டு வருமுன் ஒன்றைக் கேட்டு முடித்துவிடலாம்.

ஆயினும் கேட்டு முடித்தல் வேறு, கற்றல் வேறு. பிளேட்டோவின் 'ஃபைத்ரொஸ்' உரையாடலில் சாக்ரடீஸ் எழுத்தின்மீது ஒரு குறை கூறுகிறார். எழுதப்பட்ட சொல்லை என்ன வினவினாலும் அது சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கும் என்பது அக்குறையின் சாரம். ஒலிப்பதிவுக்கும் இது முற்றும் பொருந்தும். குரல் உண்டு, விடை இல்லை. இப்னு ஸீனா அரிஸ்டாட்டிலின் மீவியற்பியலை நாற்பது முறை படித்தும் விளங்காது, மூன்று திர்ஹத்துக்கு வாங்கிய ஃபாராபியின் சிறுநூலால் தெளிந்ததாகத் தம் வரலாற்றில் கூறுகிறார். நாற்பது முறை கேட்பார்க்கும் அந்நிலைதான். இடையில் ஒருவர் வேண்டும்.

முதன்முறை வகுப்பில் ஒரு பதிவை நான் நிறுத்தாமல் ஓடவிட்டேன். பாதிப் பேர் பேருந்து நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தனர். பிழை அவர்களுடையதன்று. அடுத்த வாரம் 'யூதிஃப்ரோ' உரையாடலை எடுத்து, ஒரே ஒரு வினாவில் நிறுத்தினேன். ஒரு செயல் புனிதமானது என்பதால் தெய்வங்கள் அதை விரும்புகின்றனவா, அவை விரும்புவதால்தான் அது புனிதமாகிறதா என்பதே அவ்வினா. படிக்கும்போது கண் ஒருகணம் நிற்கும். கேட்கும்போது அது நழுவிப் போகும். ஆதலின் மூன்று முறை திருப்பிக் கேட்டோம்.

அரபி பயின்ற மாணவர் ஒருவர் எழுந்து, இல்முல் கலாமில் இத்தகையதொரு வினா உண்டே என்றார். உண்மைதான். இறைவன் ஏவியதால் நன்மை நன்மையாயிற்று என்பர் அஷ்அரிகள். நன்மை தன்னளவில் நன்மை, அறிவு அதனை உணரும் என்பர் முஃதஸிலாக்கள். நன்மை தீமைகளுட் சிலவற்றை அறிவு தானே உணரக்கூடும் என மாத்துரீதிகள் இடைவழி செல்வர். பல தெய்வங்களை வழிபட்டோர் நடுவே எழுந்த வினாவையும், ஏக இறைக்கொள்கையினர் தமக்குள் ஆராய்ந்த வினாவையும் ஒன்றெனக் கூறிவிடலாகாது. ஒருவர் மற்றவரிடமிருந்து பெற்றார் என்பதும் என் கருத்தன்று. ஆனால் அன்று அம்மாணவர்க்கு யூதிஃப்ரோ அந்நியராகத் தோன்றவில்லை. வாதம் பேருந்து நிறுத்தம் வரை சென்றது.

தொடங்குவோர் 'அப்பாலஜி' என்னும் வழக்குரையிலிருந்து தொடங்குவதே நன்று. கி.மு. 399இல் ஏதென்ஸ் நீதிமன்றத்தில் சாக்ரடீஸ் பேசியதாகப் பிளேட்டோ எழுதியது, காதுக்கென்றே அமைந்தது. பத்து நிமிடம் கேட்க வேண்டும். நிறுத்திவிட்டுக் கேட்டதைத் தமிழில் ஐந்து வரி எழுத வேண்டும். பிறகே நூலைத் திறந்து ஒப்பிட வேண்டும். இருவராகக் கேட்டால் இன்னும் நன்று. அதில் ஓரிடம் உண்டு. தம் தரப்பைச் சொல்லி முடிக்கிறார் சாக்ரடீஸ். ஒரு சிறு அமைதி. அடுத்த வாக்கியத்தில், நடந்ததைக் கண்டு தமக்கு வியப்பில்லை என்கிறார். அந்த அமைதிக்குள் வாக்கெடுப்பு முடிந்து, அவர் குற்றவாளி எனத் தீர்ப்பாகிவிட்டது. பிளேட்டோ அதை எழுதவில்லை. அச்சிட்ட நூல்களில் பதிப்பாசிரியர் பத்தி பிரித்துக் காட்டுவர். செவிக்கு அந்த உதவி இல்லை. அவ்விடத்தில் நிறுத்தி, "எதைக் கண்டு வியப்பில்லை?" என்று வகுப்பைக் கேட்டேன். எவரும் பேசவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "ஐயா, கொஞ்சம் பின்னால் ஓட்டுங்கள்" என்றது.