லயத்துக் காம்பராவுக்கு ஒரு சிறிய சோலர் விளக்கு: கணக்குப் பார்த்து வாங்குவோம்



மழைக்காலத்தில் ஒரு மரம் கம்பியில் சாய்ந்தால் போதும், லயம் முழுவதும் இருட்டு. டவுனுக்குச் சீக்கிரமாகக் கரண்ட் வந்துவிடும். மேல் டிவிசனுக்கு வர ஒரு நாளும் ஆகும், இரண்டு நாளும் ஆகும். 2022 மார்ச் மாதக் கடைசியில் நாடு முழுவதும் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டப்பட்டது நமக்கு மறக்காது. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் அடித்தபோது மலையகத்தில் மண் சரிந்து, பல இடங்களில் ரோட்டும் கரண்டும் ஒன்றாகவே அறுந்தன. போனில் சார்ஜ் இல்லாமல், உயிரோடு இருக்கிறோம் என்று சொந்தக்காரருக்குச் சொல்லவும் முடியாமல் தவிப்பது எவ்வளவு பெரிய கஷ்டம்!

அப்படிப்பட்ட இரவுகளில் நாம் எடுப்பது குப்பி லாம்பைத்தான். அது விழுந்தால் என்ன ஆகும் என்பதையும் அறிவோம். நமது நாட்டு சத்திர சிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, குப்பி லாம்பு விழுந்து எரிகாயப்பட்டவர்களைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்து, எளிதில் சாயாத, குட்டையான, கனமான, திருகு மூடி போட்ட ஒரு லாம்பைச் செய்தார். அதற்காக 1998ஆம் ஆண்டு அவருக்கு ரோலக்ஸ் விருது கிடைத்தது. அந்த லாம்பு நல்லதுதான். ஆனாலும் மண்ணெண்ணெய் வாங்க வேண்டுமே. 2022 ஆகஸ்டில் ஒரு லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரே நாளில் ஏறியது. புகையோ பிள்ளைகளின் நெஞ்சுக்குள் போகிறது.

ஆகவே இந்த முறை ஒரு சிறிய சோலர் அமைப்பைப் பற்றிப் படிப்போம். வெளிநாடுகளில் வண்டிக்குப் பின்னால் சின்ன வீட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்கள், காட்டிலே தங்கும்போது இதே அமைப்பைத்தான் பயன்படுத்துகிறார்கள். அவர்களுக்கு அது பொழுதுபோக்கு. நமக்கு அது பிள்ளையின் படிப்பு.

முதலில் ஒரு பேச்சு

கொழுந்தெடுக்கும் ஒரு தங்கச்சி, வயரிங் வேலை தெரிந்த ஒரு அண்ணனிடம் கேட்டாள்:

"அண்ணே, கூரையில ஒரு சோலர் தகடு வச்சா போதும், எல்லாம் எரியும்னு சொல்றாங்களே, நெசமா?"

"தகடு மட்டும் போதாது தங்கச்சி. தகடு பகல்ல வேலை செய்யும். ஒனக்கு லைட்டு வேணும்கிறது ராத்திரிக்கு. பகல்ல வர்றத சேத்து வைக்க பெட்டரி வேணும்."

"அப்ப லொறி பெட்டரி ஒண்ணு பழசு கெடக்கு, மலிவா தாறேங்கிறாங்க. வாங்கவா?"

"வாங்கிறாத. ஒங்க காசு போயிரும்."

ஏன் காசு போகும்? லொறி பெட்டரி எஞ்சினைத் தட்டி எழுப்புவதற்காகச் செய்யப்பட்டது. ஒரு நொடியில் பெரிய பலத்தைக் கொடுத்துவிட்டு, உடனே எஞ்சினிலிருந்து திரும்ப நிரப்பிக்கொள்ளும். நாமோ இரவு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக் காலியாக்குகிறோம். அதன் மெல்லிய ஈயத் தகடுகள் அதைத் தாங்காது. புதியதாக இருந்தாலும் சீக்கிரம் செத்துப்போகும். பழையது என்றால் கேட்கவே வேண்டாம்.

நாலு சாமான்

1. சோலர் தகடு. வெளிச்சத்தைக் கரண்டாக மாற்றும்.
2. சார்ஜ் கொன்ட்ரோலர். கணக்கப்பிள்ளை மாதிரி. வருவதையும் போவதையும் பார்த்து, பெட்டரி அளவுக்கு மேல் நிரம்பாமலும், அளவுக்குக் கீழே காலியாகாமலும் காக்கும்.
3. பெட்டரி. சேர்த்து வைக்கும் பெட்டி.
4. வயர், பியூஸ், 12 வோல்ட் எல்.ஈ.டி. பல்பு, போன் சார்ஜ் செய்யும் யூ.எஸ்.பி. துவாரம்.

"எங்க ஊர்ல குளிர்தானே, வெயில் எங்க இருக்கு?" என்று சிலர் கேட்பார்கள். தகட்டுக்கு வேண்டியது வெளிச்சம்; சூடு அல்ல. சூடு ஏறினால் தகடு உண்மையில் கொஞ்சம் குறைவாகத்தான் கொடுக்கும். ஆகவே நம்முடைய குளிர் அதற்குக் கெடுதல் இல்லை. கெடுதல் செய்வது மேகமும் நிழலும்தான். கறுத்த மேகம் மூடிய நேரத்தில் தகடு தன் முழுப் பலத்தில் கால் பங்கும் கொடுக்காது. இதை மனதில் வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

கணக்குப் பாடம்

ஒரு கொப்பியை எடுங்கள். பெரிய வகுப்பில் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். வாட் என்பது ஒரு சாமான் எவ்வளவு வேகமாகக் கரண்ட் குடிக்கிறது என்பது. அதை மணி நேரத்தால் பெருக்கினால் வருவது வாட் மணி. சம்பளக் கணக்கில் ஒரு நாள் சம்பளத்தை வேலை செய்த நாட்களால் பெருக்குகிறோம் அல்லவா, அதே முறைதான்.

படி 1: ஒரு நாள் தேவை.
- 5 வாட் பல்பு 2, இரவு 7 மணியிலிருந்து 11 மணி வரை 4 மணி நேரம்: 5 x 2 x 4 = 40 வாட் மணி
- போன் 2, ஒவ்வொன்றையும் ஒரு தடவை நிரப்ப சுமார் 20: 20 x 2 = 40 வாட் மணி
- சிறிய ரேடியோ, செய்தி கேட்க: சுமார் 10 வாட் மணி
- மொத்தம்: 90 வாட் மணி

வயரிலும் பெட்டரியிலும் கொன்ட்ரோலரிலும் வழியிலே கொஞ்சம் வீணாகும். கொழுந்துக் கூடையில் தண்ணீருக்குக் கழிப்பது மாதிரி இங்கேயும் ஒரு கழிவு உண்டு. அதற்காக 30 சேர்ப்போம். ஆகவே 120 வாட் மணி.

படி 2: தகடு. நல்ல வெயில் நாளில், காலை முதல் மாலை வரை வரும் வெளிச்சத்தைச் சேர்த்துப் பார்த்தால், உச்சி வெயில் 4 மணி நேரம் அடித்ததற்குச் சமமாக இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் நாம் மழை நாளுக்காகத்தான் வாங்குகிறோம். ஆகவே ஒன்றரை மணி நேரம் என்று எடுப்போம். 120 ஐ 1.5 ஆல் பிரித்தால் 80. ஆகவே 80 வாட் தகடு. கடைக்காரர் 20 வாட் தகட்டைக் காட்டி "இது போதும்" என்றால், வெயில் நாளில்கூட அது 20 x 4 = 80 வாட் மணிதான் தரும் என்று நீங்களே சொல்லலாம்.

படி 3: பெட்டரி. இரண்டு நாள் மேகம் மூடினாலும் சமாளிக்க வேண்டும். 120 x 2 = 240 வாட் மணி. ஈய பெட்டரி என்றால் பாதிக்கு மேல் காலியாக்கக் கூடாது. ஆகவே இரண்டு மடங்கு, 480. அதை 12 வோல்ட்டால் பிரித்தால் 40 அம்பியர் மணி. வாங்கும்போது "டீப் சைக்கிள்" அல்லது சோலருக்கென்றே செய்த பெட்டரி என்று கேளுங்கள்.

லித்தியம் அயன் பொஸ்பேட் பெட்டரி என்றால் 100இல் 80 பங்கு வரை எடுக்கலாம். 25 அம்பியர் மணி போதும். விலை கூடும், ஆனால் அதிக காலம் உழைக்கும். அதற்குப் பொருத்தமான கொன்ட்ரோலர்தானா என்று கேட்டு வாங்க வேண்டும்.

படி 4: கொன்ட்ரோலர். 80 வாட் தகட்டிலிருந்து ஏறத்தாழ நாலரை அம்பியர் வரும். 10 அம்பியர் கொன்ட்ரோலர் தாராளமாகப் போதும்.

எதைப் போடக் கூடாது?

ரைஸ் குக்கர் 500 வாட் என்று வைப்போம். அரை மணி நேரத்துக்கு 250 வாட் மணி. அதாவது ஒரு சட்டி சோற்றுக்காக இரண்டு நாளுக்கும் மேலான கரண்டைக் கொட்டிவிடுகிறீர்கள். கேத்தல், அயன், ஹீட்டர் எல்லாம் இப்படித்தான். சூடாக்கும் சாமான் எதுவும் இந்தச் சிறிய அமைப்புக்கு ஆகாது. இதை வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள்.

பொருத்தும் முறை

லயம் தோட்டத்துக்குச் சொந்தமானது. கூரைத் தகரத்தில் துளை போடுவதற்கு முன் நிர்வாகத்திடம் சொல்லி அனுமதி எடுங்கள். முடியாவிட்டால் வாசலில் ஒரு உறுதியான கம்பத்தை நட்டு அதில் பொருத்தலாம்.

நமது நாடு பூமத்திய ரேகைக்குச் சற்று வடக்கே இருப்பதால், தகடு தெற்குப் பார்த்து 10 முதல் 15 பாகை சாய்ந்திருந்தால் நல்லது. அந்தச் சாய்வில் மழை நீர் ஓடித் தூசியையும் கழுவிவிடும். நிழல் மரத்தின் ஒரு கிளை தகட்டின் ஒரு மூலையில் விழுந்தாலும், அந்த மூலை மட்டும் அல்ல, தகட்டின் பெரும் பகுதி சோர்ந்துபோகும். ஒரு நாள் முழுவதும் நிழல் எங்கே நகர்கிறது என்று பார்த்துவிட்டு இடத்தைத் தீர்மானியுங்கள். காற்றுக்குப் பறக்காதபடி போல்ட் போட்டு இறுக்குங்கள்.

தகட்டிலிருந்து வரும் வயர் 4 சதுர மில்லிமீற்றர் தடிப்பு இருக்கட்டும். மெல்லிய வயரைப் போட்டால் கரண்ட் வழியிலேயே தேய்ந்துபோகும்.

இணைக்கும் ஒழுங்கு முக்கியம். முதலில் பெட்டரியைக் கொன்ட்ரோலரில் கொடுங்கள். அடுத்தது தகடு. கடைசியாக பல்பு. கழற்றும்போது அப்படியே பின்னோக்கி: பல்பு, தகடு, பெட்டரி. கூட்டல், கழித்தல் அடையாளங்களை இரண்டு தடவை பாருங்கள்.

உயிரைக் காக்கும் விஷயங்கள்

1. பெட்டரியின் கூட்டல் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 10 அம்பியர் பியூஸ் கட்டாயம் போடுங்கள். 12 வோல்ட் நம்மைத் தூக்கி அடிக்காதுதான். ஆனால் ஒரு ஸ்பேனர் இரண்டு முனையிலும் பட்டால் நெருப்பாகப் பறக்கும். லயத்துக்குக் கூரை ஒன்று. ஒரு காம்பராவில் பிடித்த தீ வரிசை முழுவதும் ஓடும். பியூஸ் எரிந்தால் ஏன் எரிந்தது என்று பாருங்கள். கம்பித் துண்டைச் சுற்றி வைக்காதீர்கள்.

2. ஈய பெட்டரி நிரம்பும்போது எளிதில் தீப்பிடிக்கும் வாயு வரும். குசினியில் அடுப்புப் பக்கமோ, பிள்ளைகள் படுக்கும் இடத்திலோ வைக்கக் கூடாது. காற்றுத் துளை உள்ள பெட்டியில், பிள்ளைகளின் கைக்கு எட்டாமல், இஸ்தோப்பில் ஒரு மூலையில் பூட்டி வையுங்கள். லித்தியம் பெட்டரியை உறைபனி விழும் நேரத்தில் வெளியே வைத்து சார்ஜ் செய்யக் கூடாது. நுவரெலியாப் பக்கத்தவர்கள் கவனிக்கவும்.

3. தண்ணீர் ஊற்றும் பெட்டரி என்றால் காய்ச்சி வடித்த பெட்டரித் தண்ணீர் மட்டுமே. பீலித் தண்ணீர் கூடாது. அமிலம் கண்ணில் தெறித்தால் உடனே சுத்தமான தண்ணீரில் 20 நிமிடமாவது கழுவிக்கொண்டே இருந்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகவும்.

4. செத்த பெட்டரியை உடைத்து ஈயம் உருக்க வேண்டாம். ஈயப் புகையும் தூசியும் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வாங்கிய கடைக்கோ, பழைய பெட்டரி எடுக்கும் இடத்துக்கோ முழுதாகக் கொடுங்கள்.

5. இந்த வயரை வீட்டுக் கரண்ட் வயரோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள். 12 வோல்ட் பல்பும் 230 வோல்ட் பல்பும் ஒன்றல்ல. மாற்றிப் போடக் கூடாது.

வாங்கும் முன்

மூன்று கடையில் விலை கேளுங்கள். தகட்டுக்கும் பெட்டரிக்கும் எத்தனை வருட உத்தரவாதம் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். சீட்டுக் காசையோ தீபாவளி அட்வான்சையோ கொடுத்து வாங்குகிறீர்கள் என்றால், இன்னொரு செலவையும் இப்போதே நினைத்துக்கொள்ளுங்கள். தகடு 20 வருடத்துக்கு மேலும் உழைக்கும். ஈய பெட்டரியோ சில வருடத்தில் மாற்ற வேண்டிவரும். மாதம் கொஞ்சம் ஒரு உண்டியலில் போட்டு வந்தால் அன்றைக்குத் தலையில் கை வைக்கத் தேவையில்லை. பெட்டரி செத்ததும் தகட்டைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டு மறுபடியும் குப்பி லாம்புக்குத் திரும்பினால், போட்ட காசெல்லாம் வீண்தானே?

அந்தத் தங்கச்சி கடைசியாக ஒன்று கேட்டாள்: "அண்ணே, எனக்கு 80 வாட்டுக்கு எல்லாம் வசதி இல்ல. மகள் ஓ.எல். எழுதுறா. அவ படிக்க ஒரு லைட்டு போதும்."

"அப்படின்னா அதுக்கே கணக்குப் போடு தங்கச்சி. ஒரு பல்பு, ஒரு போன். 20ம் 20ம் 40. கழிவோட 55. தகடு 40 வாட். ஈய பெட்டரி 20 அம்பியர் மணி. ஆசைக்கு வாங்காத, கணக்குக்கு வாங்கு."

அவர் சொன்னது சரிதானா என்று நீங்களே மேலே உள்ள படிகளை வைத்துச் சரிபாருங்கள்.

வீட்டுப் பாடம்

1. உங்கள் காம்பராவில் கரண்ட் இல்லாத இரவில் கட்டாயம் தேவைப்படும் சாமான்கள் எவை? வாட்டும் மணியும் எழுதுங்கள்.
2. அதற்குத் தேவையான தகடு, பெட்டரி அளவுகளைக் கண்டுபிடியுங்கள்.
3. பெட்டரியை எங்கே வைப்பீர்கள்? ஏன்?

பிள்ளைகள் கணக்கைப் போடட்டும், பெரியவர்கள் இடத்தைப் பார்க்கட்டும். பக்கத்துக் காம்பராக்காரரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். அடுத்த தடவை மரம் விழுந்து கம்பி அறுந்தாலும், உங்கள் பிள்ளையின் கொப்பியில் வெளிச்சம் விழட்டும்.