நல்ல காரியம்தான்... ஆனா பணம் யார் அக்கவுன்ட்டுக்கு வருது?



"அண்ணா, எங்க அபார்ட்மென்ட்ல வீடில்லாதவங்களுக்கு உதவ குடும்பத்தோட ஒரு நிகழ்ச்சி நடத்தி நிதி திரட்டுறோம். என் ஜிபே நம்பர்லயே கலெக்ட் பண்ணலாமா?" போன வீடியோவுக்குக் கீழே வந்த கேள்வி. பதில்: பண்ணாதீங்க. ஏன்னு புரிய, நான் பண்ணின தப்பையே சொல்றேன்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி, பொங்கல் முடிஞ்ச ஞாயிற்றுக்கிழமை. எங்க குடியிருப்புல உறியடி, கயிறு இழுக்கும் போட்டி, பசங்க போட்ட லெமன் ஜூஸ் கடைன்னு ஒரே கலகலப்பு. பக்கத்துல ஒரு டிரஸ்ட் நடத்துற இரவுக் காப்பகத்துக்காகத்தான் எல்லாம். "நீங்கதான் சிஏ ஆச்சே, உங்க நம்பரையே போடுங்க"ன்னாங்க. போட்டேன். நன்கொடை மட்டும் ₹1,12,400. மறுநாளே முழுசையும் டிரஸ்டுக்கு அனுப்பிட்டேன்.

ரசீது வந்தது, என் பேர்ல. பணம் என் அக்கவுன்ட்ல இருந்து போனதால, அவங்க கணக்குல நன்கொடையாளர் நான் ஒருத்தன்தான்.

அந்த ரசீதை வச்சு நான் 80ஜி கேட்டிருந்தா? பாதித் தொகை ₹56,200 கழிவு. பழைய வரிமுறையில 30% ஸ்லாப், செஸ்ஸோட சேர்த்து சுமார் ₹17,500 மிச்சம். அத்தனையும் அடுத்தவங்க பணம்! நான் கேட்கல. ஆனா ₹10,000 கொடுத்த இரண்டாவது மாடி தம்பி "சார், என் ரசீது?"ன்னு கேட்டப்ப, என்கிட்ட பதில் இல்ல. அவருக்குக் கிடைக்க வேண்டிய கழிவு என்னாலதான் போச்சு.

இன்னொரு சிக்கலும் உண்டு. உறவினர் அல்லாதவங்ககிட்ட இருந்து ஒரு நிதியாண்டுல ₹50,000-க்கு மேல பணம் வந்தா, அது உங்க வருமானமான்னு கேள்வி வரலாம். "இது என் பணம் இல்ல"ன்னு ஆதாரத்தோட காட்ட வேண்டியது நீங்கதான்.

சரி, எப்படிச் செய்யலாம்?

1. டிரஸ்டோட கியூஆர் கோடையே மாட்டுங்க. பணம் நேரா அவங்க வங்கிக் கணக்குக்குப் போகட்டும். நன்கொடை வரிக் கழிவுக்கான பதிவு நடப்புல இருக்கான்னு முதல்லயே பாருங்க.

2. கொடுக்கிறவங்க பேர், முகவரி, பான், தொகை எல்லாத்தையும் ஒரு ஷீட்ல எழுதி டிரஸ்டுக்குக் கொடுங்க. அதை வச்சு அவங்க நன்கொடை விவர அறிக்கை தாக்கல் பண்ணினாதான், ஒவ்வொருத்தருக்கும் நன்கொடைச் சான்றிதழ் வரும். நிதியாண்டு முடிஞ்சு மே 31 வரை அவங்களுக்கு டைம்.

3. ரொக்கமா ₹2,000-க்கு மேல கொடுத்தா வரிக் கழிவு கிடையாது. அரிசி, போர்வை, துணிக்கும் கிடையாது. ₹50 கொடுத்து பஜ்ஜி சாப்பிட்டா அது வியாபாரம், நன்கொடை இல்ல. கூப்பன் கணக்கைத் தனியா வைங்க.

4. பரிசுக் குலுக்கலுக்கு டிக்கெட் விற்காதீங்க. தமிழ்நாட்டுல 2003-ல இருந்தே லாட்டரிக்குத் தடை. வீண் வம்பு எதுக்கு?

5. புதிய வரிமுறையில இருக்கீங்களா? நன்கொடைக் கழிவே இல்ல. பழைய முறையில இருந்தா, பெரும்பாலும் ஆபீஸ் மூலமா இல்லாம ரிட்டர்ன் போடும்போதுதான் கேட்கணும்.

"வரிச் சலுகை இல்லன்னா எதுக்குக் கொடுக்கணும்?"னு சிலர் கேட்பீங்க. 2011 கணக்கெடுப்புப்படி இந்தியாவுல வீடில்லாம இருந்தவங்க சுமார் 17.7 லட்சம் பேர். ₹1,000 கொடுத்தா வரியில அதுல ஒரு சிறு பகுதி மிச்சமாகலாம், அவ்வளவுதான். மீதி நம்ம கையில இருந்துதான் போகுது. சலுகைங்கறது கூடுதல் லாபம். கொடுக்கிறதுக்குக் காரணம் அது இல்ல.

நிகழ்ச்சிக்கு முன்னாடி ஒரு தடவை காப்பகத்துக்குப் போய் "என்ன வேணும்?"னு கேளுங்க. நாங்க கேட்டப்ப வார்டன் அக்கா சொன்னது: "பழைய துணி மூட்டை மூட்டையா வருது தம்பி. புது உள்ளாடையும் நாப்கினும்தான் யாரும் தர்றதில்ல. கரன்ட் பில்லும் யாரும் கட்டுறதில்ல." அதுக்கப்புறம்தான் எங்க பட்ஜெட்டே மாறுச்சு. பசங்களையும் கூட்டிட்டுப் போங்க. ஆனா அங்க தங்கியிருக்கிறவங்களை நிறுத்தி வச்சு செல்ஃபி எடுக்காதீங்க.

கடைசியா, நிகழ்ச்சி முடிஞ்ச ஒரு வாரத்துக்குள்ள வரவு, செலவு, டிரஸ்டுக்குப் போன தொகை மூணையும் ஒரே பக்கத்துல போட்டு வாட்ஸ்அப் குரூப்ல பகிருங்க. யாரும் கேட்காதப்பவே காட்டுற கணக்குக்குத்தான் மதிப்பு. அடுத்த வருஷம் ஆளுங்க தானாவே வருவாங்க.

எங்க குடியிருப்புல மறு வருஷம் டிரஸ்டோட கியூஆர் கோடுதான் மாட்டினோம். முதல் சான்றிதழ் வாங்கினது அந்த இரண்டாவது மாடி தம்பி!