செவிலியும் மலைநாடும்

செவிலி என்னுஞ் சொல் தமிழுக்குப் புதிதன்று. நோயாளிக்குப் பணிவிடை செய்யும் பெண்ணுக்கு அப்பெயர் வழங்கியது பிற்காலத்திலேயாம். அகப்பொருள் நூல்களில் அவள் வளர்ப்புத் தாய். தலைவி தான் விரும்பிய தலைவனோடு உடன்போக்கிற் சென்றுவிட்டாளெனின், பெற்ற தாய் மனையிலிருந்து வருந்துவாள். சுரத்தின் வழியே அவளைத் தேடி நடப்பவளோ செவிலி. கலித்தொகையின் பாலைப் பகுதியில், வழியில் எதிர்ப்பட்ட முக்கோல் அந்தணரை நிறுத்தி வினவும் செவிலியை மாணவர் பலரும் பாடத்திற் கண்டிருப்பர். வரும் வரை காத்திராமல் தேடிப் போவது அவளுடைய இயல்பென்று பண்டைப் புலவர் கொண்டனர். இக்காலத்துச் செவிலிக்கு அவ்வியல்பு எவ்வளவு வேண்டற்பாலது என்பதை நம் தருமபுரி மாவட்டத்தைக் கொண்டே இங்கு ஆராயப் புகுகின்றேன்.

பாப்பாரப்பட்டி என்றவுடன் நினைவுக்கு வருவது சுப்பிரமணிய சிவாவின் பெயர். 1884ல் வத்தலக்குண்டிற் பிறந்த அவர், 1908ல் இராஜத்துரோக வழக்கிலே தண்டனை பெற்று, சிறையில் தொழுநோய்க்கு ஆளானார். தொழுநோயாளர் ரெயிலில் ஏறலாகாதென்று அக்காலத்து அரசாங்கத்தார் தடுத்தமையால், புண்பட்ட கால்களோடு ஊர் ஊராக நடந்து பிரசங்கம் புரிந்தார். பாரதமாதாவுக்கு ஆலயம் எழுப்புங் கருத்துடன் இவ்வூரில் ஆசிரமம் கண்டு, 1925 ஜூலை 23ல் இங்கேயே உயிர் நீத்தார். அந்நோய் இன்று ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ கூட்டு மருந்து உண்ணத் தீர்ந்துவிடுகிறது. ஆயினும் தோலில் உணர்ச்சியற்ற தேமல் ஒன்று தோன்றுங்கால் அது வலிப்பதில்லை. வலியாத நோய்க்காக எவர்தாம் ஒரு நாட் கூலியை இழந்து ஆஸ்பத்திரிக்கு நடப்பார்? ஒருவர் வீட்டுக்கே வந்து, முதுகைத் திருப்பிப் பார்த்து, தேமலை மெல்லத் தொட்டு, "தெரிகிறதா?" என்று கேட்டாலன்றி அஃது எளிதில் அகப்படாது. மருந்து பிறந்துவிட்டது, தேடிச் செல்பவர் தேவை மட்டும் ஒழியவில்லை.

நிற்க. இம்மாவட்டத்தின் கீழ்ப்பாகத்தில், அரூருக்கு அப்பால், கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையே சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கு உள்ளது. அங்கு வாழ்பவருட் பெரும்பாலோர் மலையாளிகள். இப்பெயர் கேட்டுக் கேரள தேசத்தாரென மயங்கவேண்டா. இவர்கள் தமிழே பேசுபவர். தம் முன்னோர் காஞ்சியிலிருந்து மலையேறியவரென்று கதை கூறுபவர். 1993ல் டாக்டர் ரெஜி ஜார்ஜ், அவர் மனைவியார் டாக்டர் லலிதா ஆகிய இருவரும் அங்கே சென்று, ஓர் ஓலைக் குடிசையில் வைத்தியம் தொடங்கினர். ட்ரைபல் ஹெல்த் இனிஷியேடிவ் என்னும் ஸ்தாபனம் அவ்வாறு பிறந்தது. அப்பொழுது பிறந்த 1000 சிசுக்களில் 147, ஓராண்டு நிறையுமுன் மாண்டன எனக் கணக்கிட்டிருக்கின்றனர். பின்னர் அவ்வெண் 20 அளவிற்கு இறங்கியது.

இவ்வீழ்ச்சி குடிசையிலிருந்த இரண்டு வைத்தியரால் மட்டும் நேர்ந்ததன்று. வைத்தியர் இருவர் இத்தனை மலையூர்களுக்கும் எங்ஙனம் நடப்பர்? அவ்வூர்ப் பெண்களையே அவர்கள் பழக்கினர். இளம்பெண்கள் ஆஸ்பத்திரியில் தங்கிப் பிரசவம் பார்க்கவும் புண் கட்டவும் கற்றனர். மணமாகி மக்களைப் பெற்ற மாதர் தத்தம் ஊரிலேயே இருந்து, கருவுற்றவரையும் கைக்குழந்தைகளையும் கவனிக்கும் பயிற்சி பெற்றனர். இரண்டாம் வகுப்பாரின் பணியே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. வெளியூரிலிருந்து வெள்ளை உடையிற் செல்பவளிடம் மலைநாட்டு மாமியார், "எல்லாம் நலம்" என்று சொல்லி அனுப்பிவிடக் கூடும். அடுத்த வீட்டு மருமகளிடம் அங்ஙனம் மறைத்தல் இயலாது. மருமகள் நேற்று எத்தனை முறை தலை சுற்றி உட்கார்ந்தாள் என்பது அவளுக்கு முன்னமே தெரியும்.

இத்தகைய வேலையின் நுட்பம் சிறு செயல்களில் இருக்கிறது. குழந்தையைத் தூளித் தராசிலிட்டு நிறை காணல். மேற்கையிற் பட்டையைச் சுற்றி, 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்து சிவப்பு நிறம் காட்டுகிறதா என நோக்கல். கர்ப்பிணியின் இரத்த அழுத்தம் 140க்கு 90ஐ எட்டிற்றா என அளத்தல். கொடுத்த இரும்புச் சத்து மாத்திரை வயிற்றுக்குப் போயிற்றா, கூரையிற் செருகப்பட்டதா என விசாரித்தல். இவற்றுள் கடைசியானதே கடினம். அதற்குக் கருவி கிடையாது, நட்பு ஒன்றே உண்டு.

இதற்குச் சான்று மராட்டிய நாட்டுக் கட்சிரோலியிலும் உளது. அங்கே டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் என்போர் கிராமத்துப் பெண்களைக் கொண்டு, பிறந்த சிசுக்களை வீட்டிலேயே பேணுவித்தனர். இரண்டு மாதத்திற்குட்பட்ட குழந்தை நிமிஷத்திற்கு 60 முறையோ அதற்கு மேலோ மூச்சு வாங்கினால் அபாயம். பெரிய எண்களை எண்ணிப் பழகாதவர் இதை எங்ஙனம் அறிவது? ஒரு மணற் கடிகையும் மணிக்கோவையும் செய்து கொடுத்தனர். பத்து மூச்சுக்கு ஒரு மணியைத் தள்ளவேண்டும். மணல் ஒழியுமுன் சிவப்பு மணிக்கு வந்துவிட்டால் நிமோனியா எனக் கொள்ளவேண்டும். சிசு மரணம் பிறந்த முதன் மாதத்தில் 62 சதவிகிதம் குறைந்ததென 1999ல் லான்செட் என்னும் வைத்திய சஞ்சிகையில் வெளியாயிற்று. பிறகு இந்திய அரசாங்கமும் இம்முறையைத் தழுவி, 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் தாயையும் சேயையும் வீட்டிற்சென்று காணவேண்டுமென விதித்தது.

கடல் கடந்த ஆஸ்திரேலியாவிலும் இவ்வுண்மையே புலனாயிற்று. அந்நாட்டு முதுகுடியினர் பொது வைத்தியசாலைகளில் அவமதிப்பை அஞ்சி ஒதுங்கினர்; 1971ல் சிட்னி நகரத்து ரெட்பெர்ன் பகுதியிலே தாமே நடத்தும் வைத்தியசாலை ஒன்றைத் தொடங்கினர். அவர் இனத்தவரே சுகாதார ஊழியராக வீடுகளுக்குச் சென்றனர்.

நம் நாட்டு அரசாங்க ஏற்பாட்டையும் நோக்குவோம். சமவெளியில் 5000 பேருக்கும், மலைநாட்டில் 3000 பேருக்கும் ஒரு துணைச் சுகாதார நிலையம் என்பது விதி. சலுகை காட்டியதுபோலவே தோன்றும். ஆனால் இவ்விதி தலைகளை எண்ணுகிறதேயன்றிக் காலடிகளை எண்ணவில்லை. சமவெளியில் 5000 பேர் இரண்டு மூன்று தெருக்கூட்டங்களில் அடங்குவர். மலையிலோ 3000 பேர் பல சிற்றூர்களிற் சிதறியிருப்பர். ஓடை பெருகினால் இடையிலே வழியும் இராது. 2021 ஆகஸ்டு 5ல் அண்டை மாவட்டமாகிய கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கப்பெற்று, நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மருந்து வீட்டு வாயிலுக்கு வரலாயிற்று. அத்திட்டத்தின் பெயரிலேயே 'தேடி' என்னுஞ் சொல் அமைந்திருப்பது எனக்குப் பெரிதும் உவப்பாயிற்று.

இனி ஒரு குறையைக் கூறாமல் விடுவதற்கில்லை. துணைச் செவிலியர் பயிற்சியிற் சேரவே பன்னிரண்டாம் வகுப்புத் தேறியிருத்தல் வேண்டும். பின் இரண்டாண்டு படிக்கவேண்டும். பத்தாம் வகுப்போடு நின்ற மலைப்பெண், ஐம்பது பிரசவம் பார்த்திருப்பினும் சட்டத்தின் கண்ணுக்குச் செவிலியல்லள். சமவெளியிலிருந்து மலைக்கு நியமனம் பெறுபவளிடம் சான்றிதழ் உண்டு. பல சமயம் இடமாற்ற விண்ணப்பமும் உடன் உண்டு. அவளைக் குறை கூறேன். தன் குழந்தையைப் படிக்கவைக்கப் பள்ளி தேடும் தாய்தானே அவளும்! சான்றிதழே வேண்டாமென்பாரோடும் நான் உடன்படேன். மருந்தின் அளவு தவறினால் மலைக் குழந்தையும் மாளும். மலைப்பெண்கள் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் வரை தங்கிப் படிக்க விடுதியும், செவிலியர் பள்ளியில் அவர்க்கென இடமும், தமிழிலே பாடமும் அமைதல் வேண்டும். அவ்வாறு தேறிய பெண் தன் ஊருக்கே நியமனம் பெறுவாளாயின், எந்த வீட்டுத் திண்ணையில் யார் மாத்திரையைக் கூரையிற் செருகுவர் என்பதை அவளுக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்க வேண்டுவதில்லை.