தாத்தாவின் வால்வு பெட்டியும் என் கிட்டாரும்

(மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல்)

இரண்டாம் ஆண்டு பாடத்தில் வால்வு இரண்டே பக்கம்தான். வாத்தியாரும் "இது பரீட்சைக்கு வராது" என்று சொல்லித் தாண்டிப் போனார். அந்த இரண்டு பக்கத்தை நம்பி நான் செய்த காரியமும், அதனால் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் கருகிப் போனதும்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் ஊர் செஞ்சியை அடுத்த வல்லம். தாத்தா அந்தக் காலத்தில் மைக் செட் வைத்திருந்தார். கல்யாணம், காது குத்து, கூத்து என்று எதுவானாலும் மாட்டு வண்டியில் பெட்டி, கூம்பு, இசைத்தட்டு எல்லாம் ஏற்றிக்கொண்டு போவாராம். பெரிய ஆம்ப்ளிஃபயர் எப்போதோ எடைக்குப் போய்விட்டது. சின்னது மட்டும் பரணில் இருந்தது. மேலே கம்பெனி பெயர் எதுவும் கிடையாது, யாரோ உள்ளூரில் சேஸிஸ் அடித்துக் கட்டியது. உள்ளே மூன்று வால்வுகள்: ஈசிசி83 ஒன்று, ஈஎல்84 ஒன்று, ஈஇசட்80 ஒன்று. ஈஎல்84 மேல் பெங்களூர் பெல் கம்பெனி முத்திரை மங்கலாகத் தெரிந்தது. பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1961 முதல் ரேடியோ வால்வுகள் தயாரித்தது. இன்று அங்கே அவை தயாராவதில்லை. ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா ஆகிய நாடுகளில் இருந்துதான் புது வால்வு வருகிறது.

பெயரிலேயே விவரம் இருக்கிறது, ஒரு தடவை கற்றுக்கொண்டால் மறக்காது. முதல் எழுத்து ஈ என்றால் இழைக்கு 6.3 வோல்ட். சி என்றால் டிரையோடு, இரண்டு சி என்றால் ஒரே கண்ணாடிக்குள் இரண்டு டிரையோடு. எல் என்றால் பவர் பென்டோடு. இசட் என்றால் முழு அலை ரெக்டிஃபயர்.

சரி, இதற்கும் கிட்டாருக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? அமெரிக்காவில் 1950களில் வந்த ஃபெண்டர் சாம்ப் என்ற சின்ன கிட்டார் ஆம்ப்ளிஃபயரின் சர்க்யூட் படத்தைப் பார்த்தேன். 12ஏஎக்ஸ்7 ஒன்று, 6வி6 ஒன்று, ரெக்டிஃபயர் ஒன்று, 8 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, அவ்வளவுதான். 12ஏஎக்ஸ்7 என்பது ஈசிசி83க்கு அமெரிக்கப் பெயர். அதாவது தாத்தா பெட்டியும் சாம்பும் பங்காளிகள்! நண்பன் ஒருவன் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கிறான். கல்லூரி விழாவில் இதில் வாசிக்கலாம் என்று முடிவு செய்து பெட்டியை விடுதிக்குத் தூக்கி வந்தேன். "சோறு போட்ட பெட்டிடா, பாத்துக்க" என்று மட்டும் தாத்தா சொன்னார்.

நான் பார்த்துக்கொண்ட லட்சணத்தைக் கேளுங்கள். ஒரே ராத்திரியில் எட்டு பாகங்களை மாற்றினேன். எங்கோ படித்தது, யாரோ சொன்னது எல்லாவற்றையும் சேர்த்துச் செய்தேன். சத்தம் வந்தது, ஆனால் முன்பைவிட மோசமாக. எட்டில் எது கெடுத்தது என்று யாரால் சொல்ல முடியும்? மணி பன்னிரண்டு ஆகியிருந்தது. பக்கத்து அறைக்காரன் கத்தினான். அவன் தூங்கட்டும் என்று ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டு, வால்யூமைக் கூட்டி மல்டிமீட்டரில் அளக்க ஆரம்பித்தேன். 'டிக்' என்று ஒரு சத்தம், உள்ளே நீலப் பொறி, அப்புறம் வார்னிஷ் வாசனை. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போயிற்று.

காரணம் இதுதான். டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரில் ஸ்பீக்கரைக் கழற்றினால் பொதுவாக ஒன்றும் ஆகாது, ஷார்ட் ஆனால்தான் ஆபத்து. வால்வில் தலைகீழ். பென்டோடு, டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி சுருள் வழியாக மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கிறது. மறுபக்கம் ஸ்பீக்கர் இல்லை என்றால் அந்த ஆற்றலுக்குப் போக்கிடம் இல்லை. பிரைமரியில் ஆயிரம் வோல்ட்டுக்கு மேலும் எகிறி இன்சுலேஷனை உடைத்துவிடும். அளக்கும்போதாவது 8 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை ஸ்பீக்கர் இடத்தில் போட்டிருக்க வேண்டும். சில ரூபாய் சமாச்சாரம்.

தாத்தாவிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "சுருள்தானடா போச்சு. கட்டிக்கலாம்" என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை போலிருந்தது.

மோட்டார் காயில் கட்டும் கடை ஒன்றுக்குப் போனேன். கடைக்காரர் என்னிடம் "எத்தனை சுத்து?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். அந்தக் கேள்விக்காகத்தான் நாம் டிப்ளமோ படிக்கிறோம்! ஈஎல்84க்கு 250 வோல்ட்டில் சுமார் 5000 ஓம் பளு வேண்டும். ஸ்பீக்கர் 8 ஓம். 5000ஐ 8ஆல் வகுத்தால் 625, அதன் வர்க்கமூலம் 25. ஆக சுற்று விகிதம் 25க்கு 1. பழைய சுருள் தாத்தாவின் கூம்புக்காக 16 ஓமுக்குக் கட்டியது. நான் அதில் 8 ஓம் ஸ்பீக்கரை மாட்டியதால் வால்வுக்குப் பாதிப் பளுதான் தெரிந்திருக்கிறது. புதிதில் 8, 16 இரண்டுக்கும் முனை வைக்கச் சொன்னேன்.

ஒன்றைச் சொல்ல மறந்தேன். அவர் வழக்கப்படி தகடுகளை மாற்றி மாற்றி அடுக்கிவிட்டார். ஒற்றை வால்வு ஆம்ப்ளிஃபயரில் பிரைமரி வழியாக எப்போதும் 50 மில்லி ஆம்பியர் டிசி ஓடுகிறது. இடைவெளி இல்லாத இரும்பு அதிலேயே நிறைவடைந்துவிடும், பிறகு பாஸ் எப்படி வரும்? ஈ தகடுகளை எல்லாம் ஒரு பக்கம், ஐ தகடுகளை எல்லாம் மறுபக்கம், நடுவே மெல்லிய காகிதம் என்று மறுபடி அடுக்கிய பிறகே கீழ்ச் சுருதி வந்தது. மாட்டியதும் பெட்டி ஊளையிட்டது வேறு கதை. ஸ்பீக்கர் பக்கமிருந்து முன் வால்வுக்கு ஒரு நெகட்டிவ் ஃபீட்பேக் ஒயர் போகிறது. புதுச் சுருளின் முனைகள் இடம் மாறியதால் அது பாசிட்டிவ் ஆகிவிட்டது. பிரைமரி முனைகள் இரண்டையும் மாற்றிப் போட்டதும் அடங்கியது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. தயவுசெய்து வேகமாகப் படித்துத் தாண்டாதீர்கள். உள்ளே 250 முதல் 300 வோல்ட் டிசி இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டரில் அது தங்கும். 47 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டருக்குக் குறுக்கே 220 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாகச் சால்டர் செய்துவிட்டேன். பெருக்கினால் சுமார் 10 வினாடி கால மாறிலி. ஒரு நிமிடம் காத்திருந்து, மீட்டரில் பார்த்து, பிறகுதான் கை வைப்பேன். உயிருள்ள பெட்டியில் அளக்கும்போது ஒரு கை பேன்ட் பாக்கெட்டில். யூ எழுத்தில் தொடங்கும் வால்வுகள் (யூசிஎல்82 போல) உள்ள ஏசி-டிசி ரேடியோ கிடைத்தால் அதைக் கிட்டாருக்கு மாற்றவே வேண்டாம். அதில் மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது, சேஸிஸே கரன்ட்டில் இருக்கலாம். கிட்டார் கம்பி சேஸிஸோடு சேர்ந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

இப்போது மறுபடி முதலிலிருந்து. மாற்றிய எட்டையும் பழையபடி போட்டேன். ஒரு நாளைக்கு ஒரே மாற்றம், நோட்டில் எழுதிவிட்டுத்தான் அடுத்தது.

முதலில் அறை விளக்கை அணைத்துப் பார்த்தபோது ஈஎல்84இன் பிளேட் லேசாகச் சிவந்திருந்தது. கேத்தோடு ரெசிஸ்டர் 130 ஓம், அதன் மேல் 8.6 வோல்ட். வகுத்தால் 66 மில்லி ஆம்பியர். ஸ்கிரீனுக்கு 7 கழித்தால் பிளேட்டில் 59. பிளேட்டுக்கும் கேத்தோடுக்கும் இடையே 280 வோல்ட். பெருக்கினால் 16.5 வாட். அந்த வால்வின் எல்லை 12 வாட்! ஏன் இப்படி? இரண்டு குற்றவாளிகள். பழைய பேப்பர் கெப்பாசிட்டர் கசிந்து கிரிட்டில் டிசி விட்டுக்கொண்டிருந்தது. இன்னொன்றை நான் கண்டுபிடிக்கவில்லை, தாத்தாதான் சொன்னார். "அப்பல்லாம் சாயங்காலம் ஆனா கரன்ட்டு 200கூட வராது, அதனால 200 முனைல போட்டிருப்பேன்." பார்த்தால் அப்படியே இருந்தது. இன்று நமக்கு 230, 240 வருகிறது, உள்ளே எல்லாம் அதே விகிதத்தில் ஏறிவிட்டது. ஒயரை 240 முனைக்கு மாற்றி, பாலியஸ்டர் கெப்பாசிட்டர் போட்டு, ரெசிஸ்டரை 150 ஓம் ஆக்கினேன். கேத்தோடில் 7.5 வோல்ட், பிளேட்டில் சுமார் 11 வாட். சிவப்பு போயிற்று. ஓசையில் ஒரு திடமும் வந்தது. டோன் தேடிப் போன எனக்கு முதல் டோன் பழுது பார்த்ததில்தான் கிடைத்தது.

அடுத்து கப்ளிங் கெப்பாசிட்டர். "0.022க்கு பதில் 0.047 போடு, பாஸ் அள்ளும்" என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். 0.022 மைக்ரோ ஃபாரட், 1 மெகா ஓம் வால்யூம்: வெட்டு அதிர்வெண் 7 ஹெர்ட்ஸ். கிட்டாரின் தடித்த கம்பியே 82 ஹெர்ட்ஸ்தான். 7ஐ 3 ஆக்கி யாருக்கு லாபம்? போட்டுப் பார்த்தோம், ஒருவனுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மாறாக 0.0022 போட்டால் 72 ஹெர்ட்ஸ், கொழகொழப்பு குறைவது காதுக்குத் தெரிகிறது.

உண்மையில் பலன் தந்தது கேத்தோடு பைபாஸ். முதல் டிரையோடின் 1.5 கிலோ ஓமுக்குக் குறுக்கே இருந்த 25 மைக்ரோ ஃபாரடை எடுத்து 0.68 போட்டால், நடு, மேல் சுருதிகள் கீழ்ச் சுருதியைவிடச் சுமார் 5 டெசிபல் மேலே நிற்கின்றன. வால்யூமைக் கூட்டி ஓவர்டிரைவில் வாசிக்கும்போது ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்கிறது. தனியாக நிதானமாக வாசிக்க 25தான் இனிமை. அதனால் டாகிள் ஸ்விட்ச் ஒன்றில் இரண்டையும் வைத்துவிட்டேன்.

ஒப்பிடும் முறையைச் சொல்ல வேண்டும். சத்தம் ஒரு டெசிபல் கூடினாலே காது "இதுதான் நல்லது" என்று தீர்ப்புச் சொல்லிவிடும். ஆகவே செல்போன் டெசிபல் மீட்டரை ஒரே இடத்தில் வைத்துச் சத்தத்தைச் சமமாக்கினோம். வாசிப்பவன் கை தடவைக்குத் தடவை மாறுகிறது, அதனால் கிட்டாரை நேரடியாகப் பதிவு செய்து அதே பத்து வினாடியைப் பத்துக்கு ஒன்று ரெசிஸ்டர் பிரிப்பான் வழியாக உள்ளே விட்டோம். கேட்பவர்கள் சுவரைப் பார்த்து உட்கார, ஸ்விட்சை இன்னொருவன் போட்டான்.

நண்பன் 6வி6 வைத்து சாம்ப் மாதிரியே ஒன்று கட்டியிருந்தான். இரண்டையும் இப்படி மோத விட்டோம். ஈஎல்84 முன்னதாகவே கரகரத்தது. மந்திரம் ஒன்றும் இல்லை. ஈஎல்84இன் கிரிட்டுக்கு 7.3 வோல்ட் ஆட்டம் போதும், 6வி6க்கு 12.5 வேண்டும். அவன் பெட்டியில் வால்யூமை இன்னும் கொஞ்சம் திருப்பினால் அதுவும் அந்த நிலைக்கு வந்துவிடுகிறது. இரண்டையும் ஒரே ஸ்பீக்கரில், ஒரே அளவு கரகரப்பில் வைத்தபோது எது எது என்று நாங்கள் அடிக்கடி தப்பாகவே சொன்னோம். வால்வு பெயரைச் சொல்லிச் சண்டை போடுபவர்கள் மன்னிக்கவும்.

ஸ்பீக்கரை மாற்றியபோது ஒருவர்கூடத் தப்பவில்லை. ரேடியோவின் 90 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதில் மாமாவின் 98 டெசிபல், 12 அங்குல ஸ்பீக்கர். 8 டெசிபல் என்றால் ஆறு மடங்கு பவருக்குச் சமம், 5 வாட் பெட்டி 30 வாட் போல் பேசுகிறது. தாத்தாவின் 5 வாட் அடுத்த ஊர் வரை கேட்ட ரகசியமும் கூம்பின் இந்தத் திறன்தான். ஆனால் கூம்பில் கிட்டாரின் கீழ்க் கம்பிகள் வராது, அதையும் போட்டுப் பார்த்துச் சிரித்தோம்.

விழா அன்று பெட்டியை மேடைக்குப் பக்கத்தில் நாற்காலி மேல் வைத்து முன்னால் ஒரு மைக் நிறுத்தினோம். ஃபீட்பேக் ஒயரைக் கழற்றினால் இன்னும் முரட்டு ஓசை வரும், ஆனால் ஹம் கூடுகிறது, அதனால் மாட்டியே வைத்தோம். தாத்தா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் நேராகப் பெட்டியிடம் வந்து, பின்பக்கம் குனிந்து, ஸ்பீக்கர் ஒயர் சரியாக முறுக்கியிருக்கிறதா என்று விரலால் இழுத்துப் பார்த்தார்.