பேட்டரி ரிக்‌ஷாவைப் பேணுவோம்

தில்லியில் மெட்ரோ ரயில் நிலைய வாசல்களைப் பாருங்கள். பேட்டரி ரிக்‌ஷாக்கள் வரிசையாக நிற்கும். உத்தரப் பிரதேசம், பீகார் மாநிலங்களில் சிறிய ஊர்களிலும் இவை ஓடுகின்றன. இந்த வண்டிக்குப் பெட்ரோல் வேண்டாம். புகை இல்லை. மிதிக்கவும் வேண்டாம். சைக்கிள் ரிக்‌ஷா மிதித்த பலர் இன்று இதை ஓட்டிப் பிழைக்கிறார்கள்.

2014 ஜூலையில் தில்லி உயர் நீதிமன்றம் இந்த வண்டிகளைத் தடை செய்தது. அப்போது இவற்றுக்கு முறையான விதிகள் இல்லை. அதே ஆண்டு அக்டோபரில் மத்திய அரசு விதிகளை வெளியிட்டது. ஓட்டுநருக்கு உரிமம் வேண்டும். 4 பயணிகளை ஏற்றலாம். மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் ஓடக் கூடாது.

இந்த வண்டியின் உயிர் பேட்டரி. பேட்டரி நின்றால் வண்டி நிற்கும். வண்டி நின்றால் அன்றைய வருமானம் நிற்கும்.

உள்ளே என்ன இருக்கிறது?

பல வண்டிகளில் இருப்பது ஈய பேட்டரி. அதற்குள் ஈயத் தகடுகள் இருக்கும். தகடுகள் ஆசிட் கலந்த நீரில் மூழ்கி இருக்கும். ஒரு பேட்டரியில் 6 அறைகள். ஓர் அறை சுமார் 2 வோல்ட் தரும். ஆகவே ஒரு பேட்டரி 12 வோல்ட். பெரும்பாலும் ஒரு வண்டியில் 4 பேட்டரிகள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். மொத்தம் 48 வோல்ட்.

நான்கு பேர் கை கோத்து நடக்கிறார்கள். ஒருவர் நொண்டினால் மற்ற மூவரும் வேகமாகப் போக முடியாது. பேட்டரியும் அப்படித்தான். ஒன்று கெட்டால் நான்கும் சோரும்.

சில வண்டிகளில் லித்தியம் பேட்டரி இருக்கிறது. அதற்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது. அதைத் திறக்கவும் கூடாது. உங்கள் பேட்டரி எந்த வகை? அதன் மேல் எழுதியிருக்கும். எழுத்துக் கூட்டிப் படியுங்கள். இங்கே சொல்வதெல்லாம் தண்ணீர் ஊற்றும் ஈய பேட்டரிக்கு.

தண்ணீர் ஊற்றும் முறை

பேட்டரியில் தண்ணீர் மெல்ல மெல்லக் குறையும். வாரம் ஒரு முறை மூடியைத் திறந்து பாருங்கள். தகடுகள் வெளியே தெரியக் கூடாது.

டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். அவற்றில் உள்ள உப்பு தகடுகளைக் கெடுக்கும். ஆசிட்டும் ஊற்றாதீர்கள். குறைவது தண்ணீர்தான், ஆசிட் அல்ல.

சார்ஜ் ஏறிய பிறகு ஊற்றுவதே நல்லது. சார்ஜ் ஏறும்போது நீர்மட்டம் உயரும். முன்பே நிரப்பினால் ஆசிட் வழியும். தகடு வெளியே தெரிந்தால் மட்டும், அது மூழ்கும் அளவுக்கு முன்பே ஊற்றுங்கள்.

சார்ஜ் போடும்போது கவனம்

சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். ஒரு சிறு பொறி பட்டாலும் அது வெடிக்கும். ஆகவே காற்றோட்டமான இடத்தில் சார்ஜ் போடுங்கள். அருகில் பீடி, தீக்குச்சி, அடுப்பு கூடாது. குழந்தைகள் தூங்கும் அறையில் சார்ஜ் போடவே கூடாது.

முதலில் சார்ஜரை வண்டியில் இணையுங்கள். பிறகு சுவரில் உள்ள சுவிட்சைப் போடுங்கள். எடுக்கும்போது முதலில் சுவர் சுவிட்சை அணையுங்கள். ஈரக் கையோடு தொடாதீர்கள். தெருக் கம்பியில் கொக்கி போட்டு மின்சாரம் எடுக்காதீர்கள். அது உயிரைப் பறிக்கும்.

பேட்டரி முழுதும் காலியாகும் வரை ஓட்டாதீர்கள். அப்படி ஓட்டினால் அதன் ஆயுள் குறையும். வண்டி இழுவை குறைந்தால் சார்ஜ் போடப் போய்விடுங்கள்.

ஒயரும் ஃபியூஸும்

டெர்மினல்களில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி படியும். அது மின்சாரத்தைத் தடுக்கும். துடைக்கும் முன் சாவியை எடுங்கள். மெயின் சுவிட்சை அணையுங்கள். மோதிரம், வளையல், கைக்கடிகாரத்தைக் கழற்றி வையுங்கள். ஸ்பேனர் பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். ஸ்பேனர் ஒரே நேரத்தில் இரண்டு டெர்மினல்களில் பட்டால் பெரும் பொறி பறக்கும்.

பேட்டரி மூடிகளை இறுக்குங்கள். ஆப்பச் சோடாவைத் தண்ணீரில் கரைத்து, துணியில் நனைத்துத் துடையுங்கள். அந்தத் தண்ணீர் பேட்டரிக்குள் போகக் கூடாது. காய்ந்ததும் நட்டை இறுக்கி, வாசலின் தடவுங்கள்.

தளர்ந்த இணைப்பு சூடாகும். சூட்டில் ஒயரின் மேல்தோல் உருகும். தீயும் பிடிக்கலாம். தோல் உரிந்த ஒயரை உடனே மாற்றுங்கள்.

ஃபியூஸ் போனால் அதே அளவு ஃபியூஸ் போடுங்கள். கம்பியைச் சுற்றி ஓட்டாதீர்கள். ஃபியூஸ் போனால் சில ரூபாய் போகும். கம்பி சுற்றினால் வண்டியே எரியலாம்.

ஆசிட் பட்டால்

உடனே ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கண்ணைக் கசக்காதீர்கள்.

பழைய பேட்டரியை என்ன செய்வது?

வீட்டில் உடைக்காதீர்கள். ஈயம் விஷம். அதன் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். புதிய பேட்டரி வாங்கும்போது பழையதைக் கடையில் கொடுங்கள். விலையில் கழிவும் கேளுங்கள். பேட்டரிக் கழிவு பற்றி 2022ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகள் வெளியிட்டது. பழைய பேட்டரிகளைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் பொறுப்பு என்று அவை சொல்கின்றன.

கணக்குப் போடுவோம்

4 பேட்டரிகளின் விலை 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அவை 8 மாதம் உழைத்தால், மாதச் செலவு 5,000 ரூபாய். 10 மாதம் உழைத்தால், மாதச் செலவு 4,000 ரூபாய். மாதம் எவ்வளவு மிச்சம்? அந்தப் பணத்தில் உங்கள் வீட்டுக்கு என்ன வாங்கலாம்?

எழுதிப் பழகுவோம்

ஒரு சிறு நோட்டு வாங்குங்கள். பேட்டரி வாங்கிய தேதியை முதல் பக்கத்தில் எழுதுங்கள். தண்ணீர் ஊற்றிய நாளையும் எழுதுங்கள். எந்தப் பேட்டரிக்கு அடிக்கடி தண்ணீர் குறைகிறது என்று குறியுங்கள். பில்லையும் உத்தரவாத அட்டையையும் அந்த நோட்டிலேயே வையுங்கள். உத்தரவாத காலத்துக்குள் பேட்டரி கெட்டால், கடையில் அவற்றைக் காட்டிக் கேட்கலாம்.

விடை சொல்லுங்கள்

1. பேட்டரியில் எந்தத் தண்ணீர் ஊற்ற வேண்டும்?
2. சார்ஜ் போடும் இடத்தில் ஏன் பீடி பிடிக்கக் கூடாது?
3. ஃபியூஸுக்குப் பதில் கம்பி சுற்றினால் என்ன ஆகும்?